வானம் எவ்வளவு தூரம்: பெக்கெட்டின் புனைகதையில் மொழி மெலிந்த வரலாறு

சாமுவேல் பெக்கெட்டின் நடைமாற்றத்துக்கு ஒரே ஒரு நாளைக் காரணம் காட்டும் வழக்கம் ஆய்வாளர்களிடம் உண்டு. 1945-இல் போர் முடிந்து அயர்லாந்து திரும்பியவருக்கு, டப்ளினை அடுத்த ஃபாக்ஸ்ராக்கில் தாயின் அறையில் ஒரு தெளிவு பிறந்தது. ஜேம்ஸ் ஜாய்ஸ் அறிவைச் சேர்த்துக்கொண்டே போனவர். தன் வழி கழித்துக்கொண்டே போவது என்று அன்று உணர்ந்ததாகப் பெக்கெட்டே பின்னாளில் கூறியிருக்கிறார். அவர் சொல்லை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் படைப்புகளை எழுதப்பட்ட வரிசையில் வைத்துப் படிக்கும்போது, அந்த மாற்றத்தின் வேர் இன்னும் பின்னால் போகிறது.

தொடக்ககாலப் பெக்கெட்டிடம் படிப்பின் சுமை அதிகம். 1934-இல் வந்த சிறுகதைத் தொகுப்பின் நாயகனுக்குத் தாந்தேயிடமிருந்து பெலாக்வா என்ற பெயரை எடுத்து வைத்தார். 1938-இல் வெளியான ‘மர்ஃபி’ நாவலின் நாயகன் ஆடும் நாற்காலியில் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டு மனத்துக்குள் ஒடுங்கப் பார்க்கிறான்; அவன் மனத்தை விவரிக்கவே ஓர் அத்தியாயம் தத்துவ நடையில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. உலகிலிருந்து விலகுதல் என்ற கருப்பொருள் அப்போதே வந்துவிட்டது. அதைச் சொல்லும் மொழிதான் இன்னும் ஆடம்பரத்தை விடவில்லை.

‘மர்ஃபி’க்குப் பதிப்பாளர் கிடைக்காத 1937 ஜூலையில், ஆக்சல் கௌன் என்பவருக்கு அவர் ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதினார். மொழி ஒரு திரை. அதில் ஒவ்வொரு துளையாகப் போட்டு, பின்னால் மறைந்திருப்பதைக் கசியவிட வேண்டும் என்பது அதன் சாரம். தாயின் அறைக்கு எட்டாண்டு முந்தைய கடிதம் இது.

அந்தத் துளைகளை முதலில் போட்டது ‘வாட்’. 1942-இல் அவர் சேர்ந்திருந்த நாஜி எதிர்ப்புக் குழு காட்டிக்கொடுக்கப்பட்டது. பாரிசிலிருந்து தப்பித் தென் பிரான்சின் ரூசியோன் கிராமத்தில் ஒளிந்திருந்த காலத்தில்தான் இந்நாவலின் பெரும்பகுதியை எழுதினார். நாட் என்பவரின் வீட்டில் வேலை செய்யும் வாட் ஒரு பானையைப் பார்க்கிறான். பானை அப்படியே இருக்கிறது. ‘பானை’ என்ற சொல் மட்டும் அதில் ஒட்ட மறுக்கிறது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் அவன் எதற்கும் சாத்தியங்களை ஒன்றுவிடாமல் அடுக்குகிறான். பட்டியல் முடியும், பொருள் விளங்காது. படிக்கச் சலிப்பூட்டும் பக்கங்கள் என்பது உண்மை. ஆனால் அவற்றைத் தாண்டிச் செல்பவர் நாவலின் மையத்தையே தாண்டிவிடுகிறார் என்பது என் கருத்து.

பிரெஞ்சுக்கு மாறியதே அவர் நடையை மாற்றியது என்ற வாதத்துக்கும் ‘வாட்’ மறுப்பாக நிற்கிறது. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பிரெஞ்சின் பங்கு வேறு. 1946-இல் ‘முடிவு’ கதையை ஆங்கிலத்தில் தொடங்கியவர், பாதியில் ஒரு கோடு கிழித்துப் பிரெஞ்சில் தொடர்ந்தார். அந்த மொழியில் நடையற்று எழுதுவது தமக்கு எளிது என்றார். ஏற்கெனவே தொடங்கிய கழித்தலுக்கு அது கருவியாயிற்று. 1951-இன் ‘மொலாய்’ நாவலில் 16 கூழாங்கற்களை நான்கு பைகளில் மாற்றி மாற்றி வைத்துச் சப்பும் கிழவன், வாட்டின் நேர் வாரிசு. வாட்டை வேறொருவர் விவரித்தார். மொலாய் தானே பேசுகிறான். 1953-இன் ‘பெயரிட முடியாதவன்’ நாவலில் குரல் மட்டும் எஞ்சுகிறது. 1961-இன் ‘அது எப்படி’யில் நிறுத்தக்குறிகளும் போய்விடுகின்றன.

இந்தக் கழித்தலை அளந்து பார்க்க ஒரு சிறு காட்சி போதும். வானத்தைப் பற்றிச் சிறுவன் தாயிடம் கேட்கும் கேள்வி மூன்று படைப்புகளில் வருகிறது. ‘முடிவு’ கதையில் தாய் வசைச்சொல்லால் விரட்டுகிறாள். ‘மலோன் சாகிறான்’ நாவலில், வானம் எவ்வளவு தூரத்தில் தெரிகிறதோ அவ்வளவு தூரம்தான் என்கிறாள். 1980-இல் ஆங்கிலத்தில் வந்த ‘கம்பெனி’யில் அவள் கையை உதறிவிட்டுச் சுருக்கென்று ஏதோ சொல்கிறாள். அவனால் வாழ்நாள் முழுதும் மறக்க முடியாத அந்தப் பதில் என்னவென்று பெக்கெட் எழுதவில்லை.