மாரியும் புயலும்

மாரி தொடங்குமுன் வீட்டை ஆயத்தஞ் செய்வது யாழ்ப்பாணத்தில் நெடுநாளைய வழக்கம். கூரைக்குப் புதிய ஓலை வேய்வார்கள், வேலியடைப்பார்கள், விறகை நனையாத மூலையில் அடுக்குவார்கள். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும், அவியாமற் காயவைத்த ஒடியலும், பனங்களியிலே செய்த பனாட்டும் ஏற்கெனவே வீட்டிற் சேர்ந்திருக்கும். வேலைக்குப் போக முடியாத மழைநாட்களிற் குடும்பத்தைக் காத்தவை இவையே. இவற்றைச் சேர்த்து வைத்தோர் பெரும்பாலும் நம் ஆச்சிமார். சரித்திர ஆசிரியர்கள் அரசர்களுக்கு ஒதுக்கிய பக்கங்களில் ஒன்றையேனும் அவர்களுக்கு ஒதுக்கியிருக்கலாம்!

ஆயின் இவ்வாயத்தம் மழைக்கும் பசிக்கும் ஏற்றதேயன்றிப் பெருங்காற்றுக்கு ஏற்றதன்று. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதி இலங்கையின் வடபாகத்தைக் கடந்த புயல், அன்றிரவே பாக்குநீரிணைக்கு அப்பால் தனுஷ்கோடியை அழித்தது. நூற்றுக்கு மேற்பட்டோருடன் சென்ற புகைவண்டியையும் கடல் கொண்டது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய புயலில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்னந்தோப்புகள் சரிந்தன. ஓட்டுக்கூரை, தகரக்கூரை, கிடுகுக்கூரை என்ற பேதமின்றி வீடுகள் வெளியாயின. ஆண்டுக்கணக்கிற் பயன்தந்த தென்னையே வீட்டின்மேல் விழுந்தால் எமனாகிறது. வீட்டோடு சாய்ந்து நிற்கும் மரத்தைத் தறிக்க எவருக்கும் மனம் வராதுதான். ஆயினும் தறிக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் இளைஞர் அறிதல் அவசியம். புயலின் நடுப்பாகம் ஓரூரின்மேல் வரும்போது காற்று திடீரென ஓயும். புயல் போய்விட்டதென எண்ணி, கூரையைப் பார்க்கவும் மாட்டைத் தேடவும் வெளியேறுவோர் உண்டு. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்துடன் காற்று திரும்பும். முதற்காற்றிலே தளர்ந்த சுவர் இரண்டாங்காற்றில் விழும். ஆகையால் அவ்வமைதியில் வாயிற்படி தாண்டலாகாது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலைக்கு முன்னறிவித்தல் இருக்கவில்லை. அடுத்த ஆண்டே அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. உயிர் தப்பியோரிற் பலர் காணி உறுதியையும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் இழந்து கந்தோர்ப் படிகளில் ஏறியிறங்கினர். கரையோரக் கிணறுகள் உவர்நீராயின. ஆச்சிமாரின் புழுக்கொடியற் பானைக்கருகே இன்று மூடிய குடிநீர்க்குடமும், நீர் புகாத உறையிலிட்ட பத்திரங்களும் இருக்கவேண்டும்.

எச்சரிக்கை வந்தால் எந்தப் பாடசாலைக்கு, எவ்வழியாற் செல்வது என்பதை ஒவ்வொரு வீட்டாரும் மாரிக்கு முன்பே பேசி முடிக்கலாம். ஒழுங்கைதோறும் தனித்திருக்கும் முதியோர் யார், நடக்க இயலாதோர் யார், அவர்களைத் தூக்கிச் செல்ல வருவோர் யார் என்ற பட்டியலை நம் சங்கத்து வாலிபர் புரட்டாசி முடியுமுன் எழுதி வைத்தல் நன்று.