பேர் விழாத வேலை: மலையக லயங்களில் வீட்டுப்பணியும் செய்ந்நன்றியும்

‘நன்றி’ என்பதன் பழம்பொருள் நன்மை. குறளின் பதினோராம் அதிகாரத்துக்குத் தலைப்பு ‘செய்ந்நன்றி அறிதல்’. அதாவது, செய்யப்பட்ட நன்மையை அறிந்து வைத்திருத்தல். ‘நன்றி சொல்லுதல்’ பிந்தி வந்த வழக்கு. அன்றாட வீட்டுவேலையில் நன்றியுணர்வைத் தேடுங்கள் என்று இன்று பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை, பாத்திரம் கழுவுகிறவளைப் பார்த்தே பேசுகிறது. தண்ணீர் கிடைக்கிறது, உலையில் அரிசி இருக்கிறது, அதற்காக அவள் மனம் நிறையட்டும் என்கிறது. குறளின் சொல்லாட்சி வேறு திசையில் நிற்கிறது. அங்கே அறிய வேண்டியவர், நன்மையைப் பெற்றவர். இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளில்) இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடுவதில்லை.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாள் பெரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு) வெகுநேரம் முன்பே தொடங்குகிறது. பீலியில் (பொதுத் தண்ணீர்க் குழாயில்) குடம் நிறைய வேண்டும். கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டும்) மலையிலிருந்து முன்னமே சுமந்து வந்து காயவைத்த மிலாறு (வெட்டிய தேயிலைக் கிளை), பனிக்கால ஈரத்தில் சட்டென்று பற்றாது; ஊதி ஊதித்தான் அடுப்பு எரியும். தேத்தண்ணி, கோதுமை மா ரொட்டி, தேங்காய் இருந்தால் ஒரு சம்பல். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தலைவாரல், கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) விடல். பிறகு ஆடைமேல் சுற்றும் படங்கைக் கட்டிக் கூடையை மாட்டி மலையேற்றம். மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பினால் அதே அடுப்பு, அதே பீலி.

தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் ‘பேர்’ என்று பெயர். நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. செக்ரோலில் (தோட்டத்தின் வேலைப்பதிவேட்டில்) பேர் விழுந்தால்தான் அது வேலை. இந்தச் சொல்வழக்கை நாம் போதிய அளவு கவனித்ததில்லை என்றே கருதுகிறேன். உழைப்பும் பெயரும் ஒரே சொல்லாகிவிட்ட மொழிச்சூழலில், பேர் விழாத வேலை செய்தவளும் பெயரற்றவளாகிறாள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி 1984இல்தான் வந்தது. ஆனால் அதுவும் செக்ரோலுக்கு உட்பட்ட நேரத்துக்கே சமன்.

ஆனாலும் லயத்தில் அறிதல் இல்லாமல் போய்விடவில்லை. வரிசையாய் ஒட்டிய காம்பராக்கள் (ஒற்றையறை வீடுகள்), பொதுவான பீலி, ஒருவர் இஸ்தோப்பிலிருந்து (முன்திண்ணையிலிருந்து) மற்றவர் இஸ்தோப்பு தெரியும் நெருக்கம். அடுத்த காம்பராவில் விடிந்தும் புகை எழவில்லை என்றால், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்தவள் அறிவாள். ரொட்டி போகும், பிள்ளையும் மடுவத்துக்குக் கூட்டிப்போகப்படும். சில நாளில் கிண்ணம் திரும்பி வரும்போது வெறுங்கிண்ணமாக வராது. ‘நன்றி’ என்ற சொல் இங்கே ஒலிப்பதே அரிது. அதைச் சொன்னால் அந்நியப்படுத்தியதுபோல் ஆகிவிடும். பெற்றவர் திரும்பச் செய்கிறார். அறிந்ததற்கு அதுவே சான்று. இட நெருக்கடி பெரும் கொடுமை. அதற்குள்ளேயே இந்தப் பெண்கள் தங்களுக்கான ஒரு செக்ரோலை மனத்தில் எழுதி வந்திருக்கிறார்கள் என்பதை வணங்கத்தக்கதாகவே நான் பார்க்கிறேன்.

அறிதல் தளர்வது காம்பராவுக்குள்ளேதான். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1982இல் வெளியிட்ட ரேச்சல் குரியனின் ஆய்வு, தோட்டப் பெண்களின் இரட்டைச் சுமையை விரிவாகப் பதிவுசெய்தது. ஆண்களின் மலை வேலை பல இடங்களில் பெண்களின் வேலையைவிட முன்பே முடிந்துவிடும். பெண்கள் மாலைவரை மலையில் நிற்பார்கள். இருந்தும் அடுப்பு அவளுக்காகவே காத்திருக்கும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் 1989இல் ‘நன்றியின் பொருளாதாரம்’ என்றொரு கருத்தை முன்வைத்தார். எது கடமை, எது அன்பளிப்பு என்று ஒரு சமூகம் வைத்திருக்கும் எல்லைக்கோட்டைப் பொறுத்தே நன்றி பிறக்கிறது என்பது அதன் சாரம். லயத்தில் அதை எளிதில் காணலாம். ஆண் ஒருவன் ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் அது பேச்சாகும். அவள் தூக்கும் ஆயிரமாவது குடம் யார் கண்ணிலும் படாது. அவள் களைக்கும்போது சுமை இறங்குவதும் பெரும்பாலும் மூத்த மகளின் தோளில்தான்.

வீட்டுப்பணியைக் கணக்கில் எடுத்தால் பாசம் கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுவர். தமிழ்நாட்டு அரசு 2023 செப்டம்பர் 15 அன்று குடும்பத் தலைவியருக்கு வழங்கத் தொடங்கிய மாதம் 1000 ரூபாய்க்கு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர். தொகை சிறிது. ‘உதவி’ என்னாமல் ‘உரிமை’ என்றதில்தான் அதன் கனம் இருக்கிறது: செய்யப்பட்டது அறியப்பட்டது என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புகிறது. அதனால் எந்தத் தாயும் பிள்ளைக்குப் பாசம் குறைத்ததாக நான் காணவில்லை. இலங்கையிலோ, மலையக மக்கள் அங்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து அதே 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள், தம் முன்னோரின் உழைப்புக்கு அங்கீகாரம் கேட்டார்கள். அந்த உழைப்பில் பீலியும் அடுப்பும் அடங்கும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஆயுத பூசைக்கு முன்தினம் லயங்களில் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக்கூடை எல்லாம் கழுவப்படும். சோறு போட்ட கருவிகள் என்று அவற்றுக்குச் சந்தனம், குங்குமம். அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவுகிறவள், பெரும்பாலும் அவளே. வாசல் மெழுகிக் கோலம் போட்டு, சுண்டல் தாளித்து, தீபம் காட்டும் நேரத்துக்குள் அவள் இன்னொரு குடம் தண்ணீருக்குப் பீலிக்குப் போயிருப்பாள்.