வைஃபைக்கு முன்னாடி, வில்லியனூர்ல ஒரு ரேடியோ

போன மாசம் நண்பர் ஒருத்தர் புதுச்சேரி டவுனுக்குள்ள ஒரு பழைய வீட்டுக்கு வாடகைக்குப் போனார். வாசல்ல திண்ணை, நடுவுல முற்றம், கைய விரிச்சு அளந்து பாக்கிற மாதிரி செங்கல் சுண்ணாம்புச் சுவர். பாக்க அவ்ளோ அழகு. ஆனா ஹால்ல டிவிக்குப் பின்னாடி ரௌட்டரை மாட்டிட்டுப் போயிட்டாங்க, பின்கட்டு ரூம்ல ஒரு கோடு சிக்னல்கூட வரல. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு"ங்கிற ஆதிகால வைத்தியம் மூணு தடவை ஆச்சு. ஒண்ணும் நடக்கல.

அந்த வீட்டுல உக்காந்திருந்தப்போதான் இந்த எபிசோடுக்கான யோசனை வந்தது. ஏன்னா, கம்பி இல்லாம ஒரு கட்டடத்துக்குள்ள தகவலைக் கொண்டுவர்ற வேலைய இதே புதுச்சேரியில, வைஃபைங்கிற பேரே புழக்கத்துக்கு வர்றதுக்கு முன்னாடி செஞ்சு பாத்திருக்காங்க. அதுவும் டவுன்ல இல்ல, கிராமத்துல.

1998. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்கள்ல 'தகவல் கிராமம்' திட்டத்தைத் தொடங்குது. காசு கொடுத்தது கனடாவோட ஐ.டி.ஆர்.சி. அமைப்பு. இந்தியாவுல பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல, வி.எஸ்.என்.எல். மூலமா. மூணே வருஷம்தான் ஆகியிருந்தது. டவுன்லயே டயல்-அப் மோடம் 'கீங்... கர்ர்ர்'னு கத்திட்டிருந்த காலம். கிராமத்துல போன் லைன் கிடைக்கிறதே பாடு. கிடைச்சாலும் மழை வந்தா போயிடும்.

அதனால அவங்க ஒரு குறுக்கு வழி பிடிச்சாங்க. டவுனுக்கு மேற்கே இருக்கிற வில்லியனூர்ல மையம். அங்க மட்டும் டயல்-அப் இன்டர்நெட். அங்கிருந்து ஊர்களுக்கு வி.எச்.எஃப். ரேடியோ, அதாவது போலீஸ்காரர் கையில இருக்கிற வாக்கி-டாக்கியோட சொந்தக்காரன். அதுல பேசவும் செய்யலாம், மோடத்தைச் சேத்தா எழுத்தையும் அனுப்பலாம். கம்ப்யூட்டர்ல இருக்கிற எழுத்து ஒலியா மாறி காத்துல போகும், அந்தப் பக்கம் திரும்ப எழுத்தாகும். வேகம் ஆமை வேகம்தான், ஆனா போய்ச் சேந்துடும். கரண்ட் நம்ப முடியாதுன்னு சோலார் தகடும் வச்சாங்க.

இங்க கொஞ்சம் பௌதீகம் பேசிடறேன், நண்பர் வீட்டுக்கும் இது உதவும். வி.எச்.எஃப். அலையோட நீளம் சுமாரா ரெண்டு மீட்டர். நம்ம வைஃபையில 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வெறும் 12 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அதுலயும் பாதி. அலை சின்னதாக ஆக, நிறைய தகவலை வேகமாத் தூக்கிட்டுப் போக இடம் கிடைக்கும். ஆனா சுவரும் மரமும் தடுத்தா சோர்ந்துடும். பெரிய அலை மெதுவா, பொறுமையா, தென்னந்தோப்பைத் தாண்டிப் போயிடும். கிராமத்துக்குத் தேவைப்பட்டது அந்தப் பொறுமைதான்.

எந்தெந்த ஊர்? கீழூர் ஒண்ணு. ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க: 1954 அக்டோபர் 18 அன்னிக்கு 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோட சேரணும்னு ஓட்டுப் போட்ட அதே கீழூர். இன்னொண்ணு எம்பலம். எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த எம்பலம்தான்.

அங்க கம்ப்யூட்டர் வச்ச இடம் ஒரு பழைய கோயில் கட்டடம். அதுக்கு ரெண்டு கதவு. ஒரு கதவு வழியா போனா சாமி. அந்த வாசலைத் தலித் மக்கள் தாண்ட முடியாது, மாதவிலக்கு நாள்ல பெண்கள் தாண்ட முடியாது. ரெண்டாவது கதவு வழியா போனா கம்ப்யூட்டர். அதுக்குள்ள யார் வேணா வரலாம். 2000-ல நியூயார்க் டைம்ஸ் நிருபர் நேர்ல வந்து பாத்து இதை எழுதினார். இது தானா நடந்தது கிடையாது. ஊர் இடம் கொடுக்கணும், ஆனா அந்த இடத்துக்கு எல்லாரும் வர முடியணும்ங்கிறது திட்டத்தோட நிபந்தனை. பக்கத்துக் கதவு அப்படியேதான் இருந்துச்சு, அதையும் சொல்லணும். கம்ப்யூட்டர் வந்ததும் ஜாதி போயிடுச்சுன்னு கதை விட நான் தயாரா இல்ல.

அடுத்தது வீராம்பட்டினம். அரிக்கமேடு பக்கத்துல இருக்கிற மீனவர் ஊர். அவங்களுக்கு நெல் விலை எதுக்கு? நாளைக்கு அலை எவ்ளோ உயரம், அதைச் சொல்லுன்னாங்க. அந்தத் தகவல் அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்துல இருந்தது. வில்லியனூர்ல அதை இறக்கி, தமிழ்ல ஆக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்புவாங்க. அங்க எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னாடி வந்து உக்கார மாட்டாங்களே! அதனால கடற்கரையைப் பாத்து ஒலிபெருக்கி கட்டி, தினமும் சத்தமா சொன்னாங்க. யோசிச்சுப் பாருங்க: அமெரிக்க சர்வர், டயல்-அப், ரேடியோ, கடைசியில கல்யாண வீட்டு ஸ்பீக்கர். அந்தக் கடைசி நூறு மீட்டரை ஜெயிச்சது ஸ்பீக்கர்தான்.

இதே மாதிரி மையமும் ஒலிபெருக்கியும் நல்லவாடுங்கிற மீனவர் ஊர்லயும் இருந்துச்சு.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. சுமத்ரா பக்கத்துல பூகம்பம் வந்தது நம்ம நேரப்படி காலை ஆறரை மணிக்கு. நம்ம கரையை அலை தொட ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அந்த நேரத்துல எந்த எச்சரிக்கையும் வரல. இந்தியப் பெருங்கடலுக்குன்னு சுனாமி எச்சரிக்கை அமைப்பே அப்போ கிடையாது. ஹைதராபாத்ல நம்ம மையம் வந்தது 2007-லதான். ஆனா நல்லவாட்டுக்காரப் பையன் ஒருத்தர் சிங்கப்பூர்ல வேலை பாத்துட்டிருந்தார். டிவியில செய்தி பாத்தவர் வீட்டுக்கு போன் அடிச்சார். ஊர்க்காரங்க மையத்துக்கு ஓடினாங்க. பூட்டியிருந்த கதவை உடைச்சுத் திறந்தாங்கன்னு சொல்றாங்க. ஒலிபெருக்கியில சொன்னதும் ஊரே கிளம்பிடுச்சு. மூவாயிரத்துக்கும் மேல மக்கள். வீடு போச்சு, படகு போச்சு. ஊர்ல ஒரு உயிர்கூடப் போகல.

இதை "இன்டர்நெட் ஊரைக் காப்பாத்துச்சு"ன்னு சொல்றவங்க உண்டு. கிடையாதுங்க. காப்பாத்தினது ஒரு போன் காலும் ஒரு ஸ்பீக்கரும். ஆனா அந்த ஸ்பீக்கர் ஏன் அங்க இருந்துச்சு? அதுல வர்ற குரலை ஏன் உடனே நம்பினாங்க? அதுக்குப் பின்னாடி அந்த ரேடியோவும் மோடமும் பல வருஷம் தினமும் செஞ்ச வேலை இருக்கு.

சரி, ரேடியோவுல இருந்து வைஃபைக்கு எப்படி வந்தோம்? 1933-ல வெள்ளைக்காரன் போட்ட கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாம ரேடியோ கருவி வச்சிருந்தாலே குற்றம். (அப்போ புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில, அது தனிக் கதை.) நம்ம ரௌட்டரும் ஒரு ரேடியோ கருவிதான். 2005 ஜனவரியில வந்த விதிகள், குறைஞ்ச சக்தியில ஓடுற 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு சொல்லிச்சு. சுனாமி முடிஞ்சு ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. அதுக்கப்புறம்தான் கடைக்குப் போனோமா, டப்பாவை வாங்கினோமா, மாட்டினோமான்னு ஆச்சு.

நண்பர் வீட்டுக்கு வர்றேன். ரௌட்டரை டிவி பின்னாடி இருந்து எடுத்து, முற்றத்தைப் பாத்த மாடத்துல உயரமா வச்சோம். முற்றம் திறந்த வெளி, அங்க சுவர் இல்ல. பின்கட்டு ரூமுக்கு 5-ஐ விட்டுட்டு 2.4-ல இணைச்சோம். பக்கத்து வீடுகள் எல்லாம் சேனல் 6-ல கூட்டமா நின்னுட்டிருந்தாங்க, நாங்க 11-க்கு நகந்தோம். இப்ப பின்கட்டுல மூணு கோடு வருது. மழை பேஞ்சா முற்றத்துச் சாரல் ரௌட்டர் மேல படுமான்னு அவர் கவலைப்படுறார். ஓலைத் தட்டி ஒண்ணு கட்டச் சொல்லியிருக்கேன்.