மட்டாஞ்சேரி யூதர் குடிவழி ஆய்வில் பெயரும் சொல்லும்

தமிழில் 'பேரன்' என்னும் சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ ஆகும். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்னும் பொருளில் அது உறவையும் பெயரிடு மரபையும் ஒருசேர உணர்த்துகிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் வாழ்ந்த யூதரிடையேயும் இத்தகைய மரபு நிலவியது. தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை இடுவது வழக்கம். அங்கு வாழ்ந்த முன்னோரின் குடிவழியை ஆராய்வோர் முதலில் கருத்திற் கொள்ள வேண்டியது இவ்வழக்கமே.

அலெப்போவிலிருந்து வந்து குடியேறிய ரஹபி குடும்பம் இதற்குத் தக்க சான்று. தாவீது ரஹபி 1726இல் மறைந்தார். அவர் மகன் எசேக்கியேல் (1694-1771) டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் முதன்மை வணிகராக விளங்கினார். எசேக்கியேலின் மகன் மீண்டும் தாவீது (1721-1791). பாட்டன் உயிரோடிருக்கும்போதே பேரன் பிறந்தமையால், ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஒரே பெயருடைய இருவர் அக்குடும்பத்தில் வாழ்ந்தனர்.

கொங்கணக் கரையின் பெனே இஸ்ரவேலருக்குச் சமயநெறியை மீளக் கற்பித்தவராக அவர்தம் வழிவழிச் செய்தி கூறுபவரும் ஒரு தாவீது ரஹபியே. அவரை கி.பி. 1000 அளவில் வாழ்ந்தவர் என்பாரும், மேற்சுட்டிய கொச்சிப் பேரனே என்பாரும் உளர். பெயரொற்றுமை ஒன்றையே சான்றாகக் கொள்ளின் எழுநூறு ஆண்டு இடைவெளியும் மறைந்துவிடும் என்பதை இதனால் அறியலாம்.

பெயர் மீள வருவதால் எழும் இடர் இது. பெயருக்கு மாற்றாக நிலையைக் குறிக்கும் சொல்லே நின்றுவிடுவதால் எழும் இடர் இதனினும் பெரிது. பரதேசி யூதர் குடும்பங்களில் அடிமைகளாயிருந்து விடுவிக்கப்பட்டோர் 'மெஷுஹ்ராரிம்' எனப்பட்டனர். இவ்வெபிரேயச் சொல் செயப்பாட்டு வடிவினது. 'விடுவிக்கப்பட்டோர்' என்பது பொருள். விடுவித்தவன் ஒருவன் உண்டு என்பதை அவ்வடிவமே உள்ளடக்கியுள்ளது. உரிமையோடு பிறந்த வழித்தோன்றல்களுக்கும் அப்பெயரே நீடித்தது. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒருவரை இச்சொல் குறிக்குமிடத்து, அவர் தாமே விடுவிக்கப்பட்டவரா, விடுவிக்கப்பட்டவரின் பேரரா என்பதைச் சொல்லைக் கொண்டு மட்டும் துணிதல் இயலாது.

சொல் நீடித்தவாறே தடைகளும் நீடித்தன. பரதேசியரின் தொழுகைக்கூடத்தில் இவர்களுக்குச் சம இருக்கை மறுக்கப்பட்டது, மணஉறவும் மறுக்கப்பட்டது. இவ்வழியில் 1882இல் பிறந்து வழக்கறிஞரான ஆபிரகாம் பராக் சேலம், காந்தியடிகளின் அறப்போர் முறையைத் தொழுகைக்கூடத்துக்குள் கொணர்ந்து இத்தடைகளை எதிர்த்தார். அவர் 1967இல் மறைந்தார். அத்தொழுகைக்கூடம் அமைந்த தெரு இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

இத்தகைய ஆவணங்களை மொழிபெயர்ப்போர் இரண்டைப் போற்றுதல் வேண்டும். ஒன்று, பெயரோடு 'இன்னார் மகன்' என்னும் தொடரையும் விடாது தருதல். மற்றொன்று, 'விடுவிக்கப்பட்டோர்' என்பதை விடுதலை பெற்ற முன்னோருக்கும், 'விடுவிக்கப்பட்டோர் வழியினர்' என்பதைப் பின்னோருக்கும் வேறுபடுத்தி வழங்குதல். ஒரே சொல்லால் இருவரையும் குறிப்பின், முன்னோர் நீங்கிய அடிமைநிலையை மொழிபெயர்ப்பு பேரர்மேல் மீண்டும் ஏற்றியதாகும்.