நான்கு சக்கர இயக்க வாகனம்: இரண்டு டயரை மட்டும் மாற்றினால் போதுமா?

கிள்ளான் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் ஓடும் ஹைலக்ஸ், டிரைட்டன் போன்ற பிக்-அப் வாகனங்களில் பெரும்பாலும் பின் டயர்களே முதலில் தேயும். செலவை எண்ணிப் பலர் அந்த இரண்டை மட்டும் மாற்றுகின்றனர்.

புதிய டயரை விட 5 மில்லிமீட்டர் தேய்ந்த டயர், ஒரு சுற்றுக்கு 31 மில்லிமீட்டர் குறைவாக உருளும். ஒரு கிலோமீட்டரில் இந்த வேறுபாடு ஏறக்குறைய 13 மீட்டர். நான்கு சக்கர இயக்கத்தில் முன், பின் அச்சுகள் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. சேற்றில் சக்கரம் வழுக்கி இந்த வேறுபாட்டைச் சரிசெய்துவிடும். தார்ச்சாலையில் வழுக்காது, அழுத்தம் முழுதும் கியர்களில் இறங்கும். டயரை விடப் பல மடங்கு செலவு அங்கேதான் காத்திருக்கிறது.

கவனிக்க வேண்டியவை:

• பள்ளங்களுக்குள் உள்ள தேய்மானக் குறியின் உயரம் 1.6 மில்லிமீட்டர். அதைத் தொடும்வரை காத்திருக்க வேண்டாம்.

• நான்கும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்கட்டும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டால் சீராகத் தேயும்.

• பக்கவாட்டில் ‘2324’ என்றிருந்தால், 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு.

• இரண்டைத்தான் மாற்ற முடியுமெனில், ஒரே அச்சில் போடுங்கள்; தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைத் தவிருங்கள்.