எள்ளும் கறுப்புச் சேலையும்: புனே நகரத்துச் சங்கராந்திச் சின்னங்களின் வரலாறு

மகர சங்கராந்தியைப் புனே நகரத்து மக்கள் மராத்தி வழக்கில் ‘சங்க்ராந்த்’ என்று சுருக்கி அழைக்கின்றனர். தமிழகத்தின் தைப்பொங்கலோடு நாளைப் பகிர்ந்துகொள்ளும் இப்பண்டிகையின் நடுநாயகமாக நிற்பது புத்தரிசிப் பொங்கல் அன்று. எள்ளும் வெல்லமும் சேர்ந்த உருண்டை, முள்முள்ளாகப் பூத்த சர்க்கரை மணிகள், தானியமும் கரும்பும் நிரப்பிய சிறு மண்கலயங்கள், மற்ற மங்கல நாட்களில் ஒதுக்கப்படும் கறுப்பு ஆடை, சுமங்கலிகள் ஒருவருக்கொருவர் இடும் மஞ்சள் குங்குமம் ஆகியவையே இங்குப் பண்டிகையின் அடையாளங்கள். இவை ஒரே புராணத்திலிருந்து பிறந்தவை அல்ல. தக்காணப் பீடபூமியின் குளிர்காலம் விளைவித்துத் தந்த பொருட்களும் அக்குளிரில் உடலுக்கு நேர்ந்த தேவைகளும் முதல் அடுக்காக அமைய, பஞ்சாங்கக் கணிதமும் நகரத்தின் சமூக வரலாறும் அடுத்தடுத்த அடுக்குகளாக அவற்றின் மேல் படிந்துள்ளன.

பண்டிகையின் நாளே இத்தகைய படிவுக்கு ஒரு சான்று. சூரியன் தனுசு ராசியை விட்டு மகர ராசிக்குள் நுழைவது சங்கராந்தி. அதன் பயணம் வடக்கு நோக்கித் திரும்புவது உத்தராயணம். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இவ்விரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் விண்மீன்களை அடிப்படையாகக் கொண்ட நிரயனக் கணக்கும், பருவங்களை அடிப்படையாகக் கொண்ட சாயனக் கணக்கும் சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் விலகிவர, சூரியன் வடக்கே திரும்பும் நாள் டிசம்பர் 21 அல்லது 22 என்றும், சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15 என்றும் இன்று மூன்று வாரங்களுக்கு மேற்பட்ட இடைவெளியில் பிரிந்து நிற்கின்றன.

இந்த விலகலை ஆராய்ந்தவர்களில் புனேயோடு தொடர்புடைய அறிஞர்கள் முன்னிலையில் இருந்தனர். சங்கர் பாலகிருஷ்ண தீட்சித் 1896இல் மராத்தியில் வெளியிட்ட இந்திய வானியல் வரலாறும், பாண்டுரங்க வாமன் காணே எழுதிப் புனேயின் பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் வெளியிட்ட தர்மசாத்திர வரலாற்றின் ஐந்தாம் தொகுதியும் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை. லோகமான்ய திலகர் ஆதரித்த கணித முறையில் அமைந்து அவர் பெயரையே தாங்கும் பஞ்சாங்கம் சங்கராந்தியை ஜனவரி 10ஐ ஒட்டிக் காட்டுவதால், அதைப் பின்பற்றும் குடும்பங்கள் அண்டை வீட்டாருக்கு நான்கு நாட்கள் முன்னரே எள்ளுருண்டை பிடித்துவிடுகின்றன.

பண்டிகை மூன்று நாட்களுக்கு நீள்கிறது. முதல் நாளான போகி தமிழர்க்கும் பெயரளவில் பழக்கமானதே. எனினும் பழையன எரிக்கும் வழக்கம் புனேயில் முதன்மை பெறவில்லை. பச்சைக் கொண்டைக்கடலை, அவரை, கத்தரிக்காய், கேரட், நிலக்கடலை, இலந்தைப்பழம் முதலியவற்றை எள்பொடி கூட்டிச் சமைக்கும் கலவைக் கறியும், எள் தூவித் தட்டிய கம்பு ரொட்டியான ‘பாக்ரி’யும், வெண்ணெயும், பாசிப்பருப்புக் கிச்சடியும் அன்றைய உணவு. ஜனவரி மாதப் புனேயின் இரவு வெப்பநிலை சராசரியாக 11 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும். அக்குளிருக்கு ஏற்ற கொழுப்பும் சூடும் மிக்க பண்டங்களும், அம்மாதத்தில் வயலில் கிடைக்கும் காய்களும் இந்த ஒரே தட்டில் சேர்கின்றன. இரண்டாம் நாள் சங்க்ராந்த். மூன்றாம் நாளான ‘கிங்க்ராந்த்’, சங்கராந்தித் தேவி கிங்கராசுரன் என்னும் அரக்கனைக் கொன்ற நாள் என்று கதை சொல்லினும், நற்காரியங்கள் தொடங்காத ‘கரி’ நாளாகவே கருதப்படுகிறது. தமிழ்ப் பஞ்சாங்கங்களும் பொங்கலை அடுத்த நாளைக் கரிநாள் என்றே குறிக்கின்றன.

சின்னங்களுள் தலைமையானது ‘திள்கூள்’ எனப்படும் எள்ளுருண்டை. எள் இந்தியத் துணைக்கண்டத்திலேயே பயிராக்கப்பட்ட பழைய எண்ணெய்வித்து. கருகிய எள் மணிகள் ஹரப்பா அகழாய்வில் கிடைத்துள்ளன. எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெயாகவே இருக்கும் இவ்வித்து மழைக்காலப் பயிராக விளைந்து குளிர் தொடங்குமுன் களஞ்சியம் சேர்கிறது. அதே பருவத்தில் கரும்பாலைகள் ஓடத் தொடங்கிப் புதுவெல்லமும் சந்தைக்கு வருகிறது. எள்ளும் தண்ணீரும் இறைப்பது என்றாலே நீத்தார் கடனை நினைக்கும் தமிழர்க்கு எள்ளை மங்கலப் பரிசாக நீட்டுவது வியப்பளிக்கலாம். ஆனால் உத்தராயண நாளில் எள் கலந்த நீரில் குளிப்பது, எள்ளை அரைத்துப் பூசுவது, தீயில் இடுவது, தானம் செய்வது, உண்பது எனப் பலவாறாக அதைப் பயன்படுத்தச் சொல்லும் வடமொழி விரத நூல்களின் மரபு, முன்னோர்க்குரிய பொருளையே வாழ்வோர்க்கும் உரியதாக்கியது. உருண்டையைக் கையில் வைக்கும்போது, இதை வாங்கிக்கொண்டு இனிமையாகப் பேசுங்கள் என்று கூறுவது வழக்கம். கடந்த ஆண்டின் மனக்கசப்புகளை முடித்துவைக்கும் இந்தச் சொல் ஏறத்தாழ இதே வடிவில் கர்நாடகத்தின் ‘எள்ளு-பெல்ல’ பரிமாற்றத்திலும் ஒலிப்பதால், இது ஒரு நகரத்தின் கண்டுபிடிப்பாக அன்றி, தக்காணம் முழுவதற்கும் பொதுவான மரபாகவே தோன்றுகிறது.

வெல்லம் ஏழை எளியவர் கைக்கும் எட்டியது என்றால், சர்க்கரையில் செய்த ‘ஹல்வா’ நகரத்துக் கைவினையின் அடையாளம். தமிழகத்து அல்வாவோடு இதற்குத் தொடர்பில்லை. அகன்ற பாத்திரத்தில் எள்ளை இட்டு, மெல்லிய தணலில் சூடேற்றி, சர்க்கரைப் பாகைச் சிறிது சிறிதாகச் சொட்டவிட்டுக் கையாலேயே இடைவிடாது துழாவிக்கொண்டிருந்தால், ஒவ்வோர் எள்ளின் மேலும் பாகு படிந்து உறைந்து நுண்முட்கள் எழும். மணிக்கணக்கில் பொறுமையாகச் செய்தாலன்றி முள் எழாது. இம்மணிகளை நூலில் கோத்துத் தாலி, வளையல், மூக்குத்தி, நெற்றிச்சுட்டி, மாலை என நகைகளாக்கி, திருமணமாகி முதல் சங்கராந்தி காணும் மணப்பெண்ணுக்கு அணிவிப்பர். குழந்தைகளுக்குச் செய்யும் சடங்கு ‘போர்நஹாண்’ எனப்படும். சர்க்கரை மணிகளால் ஆன முடியும் புல்லாங்குழலும் அணிந்து குட்டிக் கண்ணனாக அமர்ந்திருக்கும் குழந்தையின் தலையில் இலந்தைப்பழம், பொரி, கரும்புத் துண்டுகள், ஹல்வா ஆகியவற்றைச் சொரிய, சூழ்ந்திருக்கும் சிறுவர்கள் அவற்றைப் பொறுக்கி உண்பர்.

‘சுகட்’ எனப்படும் சிறு மண்கலயங்கள் வயலின் முகத்தை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. கோதுமைக் கதிர், பச்சைக் கொண்டைக்கடலை, கரும்பு, கேரட், இலந்தை, நிலக்கடலை, எள்ளுருண்டை ஆகியவற்றால் நிரப்பிய இவற்றை மஞ்சள் குங்குமமிட்டு வழிபட்டுப் பெண்கள் தமக்குள் மாற்றிக்கொள்கின்றனர். இவ்வாறு கொடுக்கும் பொருளுக்கு ‘வாண்’ என்று பெயர். கசபா பேட்டையின் கும்பார்வாடா என்னும் குயவர் குடியிருப்பும், 1886இல் ரே மார்க்கெட் என்ற பெயரில் திறக்கப்பட்டுப் பின்னர் மகாத்மா புலே பெயர் பெற்ற மண்டை என்னும் காய்கறிச் சந்தையும் இப்பொருட்களுக்குப் பெயர்பெற்ற இடங்கள். காலப்போக்கில் வாண் என்பது எவர்சில்வர் கிண்ணம், பிளாஸ்டிக் டப்பா, துணிப்பை என விரிந்து, துளசிபாக் கடைவீதியின் ஜனவரி வணிகத்தில் பெரும்பங்கு பெற்றுவிட்டது.

கறுப்பு நிறம் மற்றப் பண்டிகைகளில் விலக்கப்படுவது. சங்கராந்தியில் மட்டும் விரும்பி உடுத்தப்படுகிறது. புதுமணப்பெண்ணுக்குப் புகுந்த வீட்டார் அன்று கொடுப்பது ‘சந்திரகளா’ என்னும் கறுப்புச் சேலை. நீண்ட இரவுகளுக்கு விடைகொடுக்கும் குறியென்று ஒரு விளக்கமும், கறுப்புத் துணி வெயிலின் வெப்பத்தை ஈர்த்து உடலுக்குக் கதகதப்பூட்டும் என்று மற்றொரு விளக்கமும் கூறப்படுகின்றன. தன்கர் என்னும் ஆட்டிடையர்கள் கறுப்புக் கம்பளியில் நெய்த ‘கோங்கடி’ தக்காணத்து உழவரின் குளிர்ப்போர்வையாக இருந்துவந்திருப்பதால், இரண்டாம் விளக்கம் வாழ்க்கைக்கு நெருக்கமானதாகப் படுகிறது.

இத்தனை இனிப்புக்கு இடையிலும் ‘சங்க்ராந்த் வந்தது’ என்ற மராத்தித் தொடருக்குப் பேரிடர் வந்தது என்பதே பொருள். 1761 ஜனவரி 14 அன்று மூன்றாம் பானிபட் போரில் மராட்டியப் படைத்தலைவர் சதாசிவராவ் பாவுவும், பேஷ்வா எனப்பட்ட மராட்டிய ஆட்சித்தலைவரின் மகன் விஷ்வாஸ்ராவும் பல்லாயிரம் வீரரோடு மடிந்ததையும், அத்துயரம் தாளாமல் பேஷ்வா நானாசாகேப் அதே ஆண்டு ஜூன் மாதம் புனேயின் பர்வதிக் குன்றில் உயிர்நீத்ததையும் நகரம் மறக்கவில்லை; போர் சங்கராந்தி நாளிலேயே நடந்தது என்பதும் பரவலான நம்பிக்கை. ஆனால் சங்கராந்தியன்று பிறந்த விவேகானந்தரின் பிறந்தநாள் 1863 ஜனவரி 12 என்பதைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், 1761இல் சங்கராந்தி ஜனவரி 10ஐ ஒட்டியே வந்திருக்க வேண்டும். போர் அதற்குச் சில நாட்கள் பின்னர் நிகழ்ந்தது. அந்தத் தொடருக்குப் பஞ்சாங்கத்திலேயே வேர் உண்டு. சங்கராந்தியை ஒரு தேவியாக உருவகித்து, அவள் ஏறிவரும் வாகனம், உடுத்தும் ஆடை, ஏந்தும் ஆயுதம், நோக்கும் திசை ஆகியவற்றை ஆண்டுதோறும் பஞ்சாங்கங்கள் அச்சிடுகின்றன. அவள் ஏற்கும் பொருட்கள் விலையேறும், அவள் பார்வை விழும் திசை துன்புறும் என்பது நம்பிக்கை. அந்த அச்சம் முன்னரே இருந்த இடத்தில் பானிபட்டின் நினைவும் வந்து அமர்ந்தது என்று கொள்வதே பொருந்தும்.

சங்கராந்தி முதல் ரதசப்தமி வரை தொடரும் ‘ஹள்தி-குங்கூ’, அதாவது மஞ்சள் குங்கும விழா, சமூக வரலாற்றின் சுவடு மிக ஆழமாகப் பதிந்த சின்னம். வீட்டுக்கு வரும் சுமங்கலிகளுக்கு மஞ்சள் குங்குமமிட்டு, எள்ளுருண்டையும் வாணும் கொடுத்தனுப்பும் இவ்வழக்கம், வெளியே செல்ல வாய்ப்பில்லாத பெண்கள் கூடிப் பேசுவதற்கு ஒரு வழியாக இருந்த அதே வேளையில் கணவனை இழந்தவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியது. அந்தக் கொடுமையை எதிர்த்த முயற்சிகளில் பல புனேயிலேயே தோன்றின. ஜோதிராவ் புலே 1863இல் கருவுற்ற விதவைகளுக்குப் புகலிடம் அமைத்தார். விதவையான கோதுபாயை 1893இல் மணந்த தோண்டோ கேசவ் கார்வே, 1896இல் விதவையர் இல்லத்தைத் தொடங்கினார். 1901இல் கணவரை இழந்த ரமாபாய் ரானடே 1909இல் புனே சேவா சதனை உருவாக்கிப் பெண்களுக்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளித்தார். கோல்ஹாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் ஊராட்சி 2022 மே மாதம் விதவைக் கோலச் சடங்குகளைத் தடைசெய்து தீர்மானம் இயற்ற, மாநில அரசும் அதைப் பின்பற்றுமாறு மற்ற ஊராட்சிகளைக் கேட்டுக்கொண்டது. கணவரை இழந்தவரையும் அழைத்துக் குங்குமமிடும் விழாக்கள் இப்போது பல ஊர்களில் நடைபெறுகின்றன.

இச்சின்னங்களின் வரலாற்றை ஒருங்கே நோக்கினால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. எள், கரும்பு, கம்பு, மண்கலயம், கறுப்பு ஆடை என நிலமும் குளிரும் தந்தவை, நாள் விலகினாலும் கதைகள் மாறினாலும் பொருள் குன்றாமல் நிலைத்திருக்கின்றன; மனிதர் தமக்குள் வகுத்த தகுதியின் மேல் எழுந்த குங்குமச் சடங்கோ தலைமுறைதோறும் கேள்விக்கு உள்ளாகி மாறிவருகிறது. எள்ளுருண்டையை நீட்டுவோர் எதிரில் நிற்பவர் சுமங்கலியா விதவையா, ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. குங்குமத்தை நீட்டும் கையும் அந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும் என்பதே இப்பண்டிகையின் வரலாறு தரும் தீர்ப்பு.