இருபத்தெட்டாம் பிரிவு பிறந்த கதை

1948 டிசம்பர் 7. டெல்லியில் அரசியல் நிர்ணய சபை, அரசமைப்பு வரைவின் 22-ஆவது பிரிவை விவாதித்துக்கொண்டிருந்தது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் எந்தக் கல்வி நிலையத்திலும் மதப் போதனை கூடாது என்பது அந்தப் பிரிவின் சாரம். வங்காளத்து உறுப்பினர் லட்சுமிகாந்த மைத்ரா ஒரு சந்தேகம் கேட்டார். கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரி அரசுக் கல்லூரி. அங்கே வேதமும் ஸ்மிருதியும் கீதையும் உபநிடதமும் பாடம். இந்தப் பிரிவு நிறைவேறினால் அதை இழுத்து மூட வேண்டியதுதானா?

அம்பேத்கர் தெளிவாகப் பதில் சொன்னார். மதப் போதனை வேறு, மதத்தைப் பற்றிய படிப்பும் ஆராய்ச்சியும் வேறு. இஸ்லாத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டு, கடவுள் ஒருவரே, நபிகளே இறுதித் தூதர் என்று நம்பச் சொல்வதுதான் போதனை என்று விளக்கினார். ஒரு மதம் என்ன சொல்கிறது என்று எடுத்துவைத்துப் படிப்பது அந்தக் கணக்கில் வராது. தடை முதலாவதற்கு மட்டும்.

சங்ககிரியிலோ சேந்தமங்கலத்திலோ இன்று ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் உயிரினங்களின் தோற்றம் பற்றிப் பாடம் எடுக்கும்போது, தெரிந்தோ தெரியாமலோ இந்தக் கோட்டுக்கு உட்பட்டுத்தான் எடுக்கிறார். இந்தக் கோடு டெல்லியில் ஒரே நாளில் போடப்பட்டதல்ல. அதற்கு நூறு வருஷப் பேறுகாலம் உண்டு. அதில் பெரும்பகுதி நம் சென்னை மாகாணத்தில் கழிந்தது.

1846-இல் சென்னை கவர்னராக இருந்த ட்வீடேல் பிரபு, அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடப் புத்தகமாக வைக்கலாம் என்று குறிப்பு எழுதினார். விரும்புகிற மாணவர்கள் படித்தால் போதும் என்றுதான் சொன்னார். ஆனால் அரசு உத்தியோகமும் அரசுப் பள்ளியும் ஒரே கையில் இருந்த காலம் அது. விருப்பம் என்ற சொல்லுக்கு அங்கே எவ்வளவு பலம் இருந்திருக்கும்? காசுலு லட்சுமிநரசு செட்டியார் என்ற சென்னை வணிகர், 1844-இல் தான் தொடங்கிய ‘கிரசண்ட்’ பத்திரிகையில் இதை எதிர்த்தார். கூட்டங்கள் நடந்தன, மனுக்கள் போயின. 1847-இல் லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் ட்வீடேலின் யோசனையை நிராகரித்தார்கள். 1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்விக் கடிதம் அதையே கொள்கையாக்கியது: அரசுப் பள்ளியில் மதக் கலப்பில்லாத கல்வி. பைபிள் நூலகத்தில் இருக்கலாம், வகுப்பு முடிந்தபின் மாணவனாகக் கேட்டால் ஆசிரியர் விளக்கலாம், அவ்வளவுதான்.

அதே கடிதம் வேறொரு கதவையும் திறந்துவிட்டது. தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை. சேலத்தில் லண்டன் மிஷன் 1827-லிருந்தே இருந்தது. மிஷன் பள்ளிகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துத் திண்ணைக்குக்கூட விடப்படாத சாதிப் பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்தவை பல ஊர்களில் அவைதான். பெண் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததிலும் அவைதான் முந்தின. ஆனால் அந்தப் பள்ளிகளில் பைபிள் வகுப்புக்கு எல்லாரும் உட்கார்ந்தாக வேண்டும். பிள்ளை படிக்க வேண்டும், பக்கத்தில் வேறு பள்ளி கிடையாது என்றால் தகப்பன் என்ன செய்வார்? ஊராரிடம் வாங்கிய வரிப் பணமும் அந்த வகுப்புக்குச் சேர்ந்தே போயிற்று.

இதைத் தீவிரமாகப் பேசியவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. இளவயதில் சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். 1910களில் அவர் வைத்த கோரிக்கை எளிமையானது. உதவி பெறும் பள்ளி மத வகுப்பு நடத்தட்டும். பெற்றோர் சம்மதம் இல்லாத பிள்ளையை அதில் கட்டாயமாக உட்காரவைக்கக் கூடாது. மனச்சாட்சி விதி என்று அதற்குப் பெயர். மிஷனைத் துரத்த அவர் கேட்கவில்லை, உதவியை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளைக்கு எழுந்து வெளியே போகும் உரிமை வேண்டும் என்றார். இந்த வரலாற்றிலேயே என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் இது. பாடம் நடத்திப் பழகியவருக்குத்தான் வகுப்பறையில் பிள்ளை எவ்வளவு வலுவற்றவன் என்று தெரியும்.

1948-இல் சபை முன்னால் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்ற இரண்டு இழைகளும் சேர்ந்து வந்தன. திருச்செங்கோட்டுக்கு அருகே குமாரமங்கலத்தைச் சேர்ந்த டாக்டர் பி. சுப்பராயனும் சபையில் உறுப்பினர்; 1937-இல் ராஜாஜி மந்திரிசபையில் கல்வியைக் கவனித்தவர் என்பதால் உதவி பெறும் பள்ளிகளின் வில்லங்கம் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. விவாதம் இரு பக்கமும் இழுபட்டது. தடையை ஓரளவு அரசுப் பணம் பெறும் நிலையங்களுக்கும் நீட்ட வேண்டும் என்றார் கே. டி. ஷா. விரும்புகிற பிள்ளைகளுக்கு மதக் கல்வி தருவது மதச்சார்பற்ற அரசுக்கு முரணல்ல என்று சென்னையிலிருந்து போன முகமது இஸ்மாயில் சாகிப் வாதிட்டார். இரண்டையும் சபை ஏற்கவில்லை.

அம்பேத்கர் மூன்று காரணம் சொன்னார். ஒரு மதத்துக்காக வரி வசூலிக்கக் கூடாது என்று இன்னொரு பிரிவில் எழுதிவிட்டு, வரிப் பணத்தில் மதம் போதிக்க முடியாது. இரண்டாவது, எந்த மதத்தைப் போதிப்பது? பம்பாய் நகராட்சிப் பள்ளி ஒன்றையே எடுத்துக்கொண்டால் இந்துவும் கிறிஸ்தவனும் பார்சியும் யூதனும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். இந்துக்களுக்குள்ளேயே சைவம், வைணவம் என்று பிரிவுகள். மூன்றாவது, தன்னிடம் மட்டுமே உண்மை இருக்கிறது என்று சொல்லும் மதங்களை வகுப்புக்குள் விட்டால் சச்சரவும் உள்ளே வரும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தெருவை நடந்து கடந்தாலே அந்த இரண்டாவது காரணம் எவ்வளவு நடைமுறையானது என்று விளங்கும்.

1950 ஜனவரி 26-இல் அது 28-ஆவது பிரிவாக நடைமுறைக்கு வந்தது. முழு அரசு நிலையத்தில் மதப் போதனை இல்லை. அறக்கட்டளை நிபந்தனையோடு தொடங்கி அரசு நிர்வகிக்கும் நிலையத்துக்கு மட்டும் விலக்கு. உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில், சம்மதம் இல்லாமல் யாரையும் மத வகுப்பிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. சிறுவர்களென்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். சேலத்தில் பாடம் நடத்திய ஆசிரியரின் கோரிக்கை இந்த மூன்றாம் உட்பிரிவில் உயிரோடு இருக்கிறது.

இந்தப் பிரிவு எதற்குப் பயன்படும் என்று 2024 ஆகஸ்ட் கடைசியில் தமிழ்நாடே பார்த்தது. சென்னையில் அரசுப் பள்ளிகளுக்குத் தன்னம்பிக்கைப் பேச்சு என்று அழைக்கப்பட்ட ஒருவர், இந்தப் பிறவியின் உடல் குறைகளுக்கு முற்பிறவிப் பாவமே காரணம் என்று மாணவர்களிடம் பேசினார். பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் அந்த இடத்திலேயே அதை எதிர்த்துக் கேள்வி கேட்டார். பேச்சாளர் கைதானார், தலைமையாசிரியர்கள் இடம் மாற்றப்பட்டார்கள். அந்த ஆசிரியரின் துணிவை நான் பெரிதாக மதிக்கிறேன். கர்ம வினை பற்றி இந்தியத் தத்துவங்கள் என்ன சொல்கின்றன என்று வகுப்பில் படிக்கலாம், விவாதிக்கலாம். உன் குறைக்கு உன் பாவம் காரணம் என்று மேடையேறிப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. மைத்ராவுக்கு அம்பேத்கர் சொன்ன வித்தியாசம் இதுதான்.

ஆனால் 28-ஆவது பிரிவு எட்டாத ஓர் இடம் இருக்கிறது. அது மதத்தைப் போதிக்காதே என்கிறது. அறிவியலைச் சொல்லிக்கொடு என்று சொல்லவில்லை. 2023-இல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமத்தை எடுத்துவிட்டது. மாணவர் சுமையைக் குறைக்கத்தான் என்று காரணம் சொன்னார்கள். 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். அமெரிக்காவில் 1925-இல் டென்னசி மாநில ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் பரிணாமம் கற்பித்ததற்காக நீதிமன்றம் ஏறினார். 1987-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் படைப்புவாதத்தை அரசுப் பள்ளியில் கட்டாயமாக்கும் சட்டத்தை ரத்து செய்தது. இங்கே அப்படிப்பட்ட வழக்குக்கே வேலை இல்லை, பாடம் ஓசையில்லாமல் போய்விட்டது. பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிடும் பிள்ளை டார்வின் பெயரைக் கேட்காமலே போவான்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் பரிணாமம் இருக்கிறது. பத்தாம் வகுப்பிலும் உண்டு, பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் விரிவாகவும் உண்டு. விலங்கியல் பாடத்தில், உயிரின் தோற்றம் பற்றிய கருத்துகளில் கடவுள் படைத்தார் என்பதும் ஒன்று. இந்து மதத்தில் பிரம்மா படைத்தார், கிறிஸ்தவமும் இஸ்லாமும் கடவுள் படைத்தார் என்கின்றன என்று நூல் சொல்கிறது. அம்பேத்கரின் அளவுகோலில் இது போதனை ஆகாது, இன்னார் இப்படி நம்புகிறார்கள் என்ற தகவல்தான். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. என் ஆட்சேபணை, உயிரின் அடிப்படைப் பொருள்கள் தாமாக உருவாகுமா என்று 1953-இல் மில்லரும் யூரேயும் கண்ணாடிக் குடுவையில் செய்து பார்த்த சோதனையும் இதுவும் ஒரே கோட்பாட்டு வரிசையில் நிற்பது பற்றி.

நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளில் இந்த வரிசை என்ன ஆகிறது என்று யோசியுங்கள். பிரம்மாவும் மில்லரும் ஆளுக்கொரு பத்தியாகப் பாடமாகி, ஒரே குரலில் ஒப்பிக்கப்பட்டு, விடைத்தாளில் இறங்கிவிடுவார்கள். பரிணாமத்தை நம்பிக்கையைப் போல மனப்பாடம் செய்துவிட்டால் அதுவும் போதனையாகிவிடுகிறது. மதத்தைத் தடுத்து வைத்த இடத்தில் இன்னொரு கேள்வி கேட்காத பழக்கத்தைக் கொண்டுவந்து வைப்பதற்கா இத்தனை பேர் நூறு வருஷம் பாடுபட்டார்கள்?

அதுவும் இந்த மண்ணில். காட்டில் திரியும் சிவப்புக் காட்டுக்கோழி வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். நாமக்கல் பண்ணைக் கோழி முந்நூறுக்கு மேல் இடுகிறது. தலைமுறை தலைமுறையாக எதை வளர்ப்பது, எதைக் கழிப்பது என்று மனிதன் தேர்ந்தெடுத்ததால் வந்த வித்தியாசம் அது. டார்வின் தன் நூலைத் தொடங்கியதே இப்படி வளர்ப்புப் பிராணிகளைத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்குவதிலிருந்துதான். வீட்டுக்கோழியின் மூதாதை காட்டுக்கோழிதான் என்று எழுதியவரும் அவர். கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு, இந்தியத் தீபகற்பத்துக்கே உரிய சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். மருந்துக்கு மசியாத கிருமி எப்படி உருவாகிறது என்று இங்குள்ள பண்ணைக்காரருக்கு அனுபவத்தில் தெரியும். கோயிலுக்கு நேர்ந்துகொண்டு ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிறவரும் அவர்தான். இரண்டுக்கும் அவரிடம் சண்டை இல்லை. 1985-லிருந்து நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சத்துணவுத் தட்டில் முட்டையும் இருக்கிறது. பாடம் நடத்த வேறென்ன வேண்டும்?

அடுத்த முறை பாடநூலைத் திருத்தும்போது அந்த வரிசைக்குக் கீழே ஒரு கேள்வி சேர்க்க வேண்டும்: இவற்றில் எவற்றைச் சோதித்துப் பார்க்க முடியும், எப்படி? பதிலை நூலில் அச்சிடக் கூடாது. தேர்விலும் அதற்கு மதிப்பெண் இருக்கக் கூடாது; வகுப்பில் பேசி முடிக்கட்டும்.